கணுவுக்குக் கீழே அரை இஞ்சு

துணிக்கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அரை இஞ்சு அக்காதான். அந்த மூன்று மாடிக் கடையின் படிக்கட்டுக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற முக்கோண அறை ஒன்று உண்டு. முப்பது வருஷமாக அதற்குள் உட்கார்ந்து, வாங்கிய உடுப்பை வாங்கியவர் உடம்புக்குத் தோதாக மாற்றித் தருவது அவள் வேலை. நீளமான கால்சட்டையைக் குட்டையாக்குவாள், தொளதொளவென்று தொங்கும் தோளைத் தூக்கி நிறுத்துவாள், மூச்சு முட்டும் இடுப்பைப் பிரித்துவிடுவாள். ஆனால் எதை வெட்டினாலும் உள்மடிப்பில் அரை இஞ்சு துணியை மிச்சம் விட்டுத்தான் வெட்டுவாள். முழுசாக வெட்டி எறிந்தால் தட்டையாக அழகாக இருக்குமே என்று புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண்கள் கேட்பார்கள். உடம்பு என்ன நாம் சொன்ன பேச்சையா கேட்கிறது, அடுத்த வருஷம் பருத்தால் அந்த அரை இஞ்சுதான் கைகொடுக்கும் என்பாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று கடையில் பேச்சு. கொஞ்சமில்லை, நிறையவே உண்டு. இருக்கட்டுமே. முப்பது வருஷத்தில் ஒரு துணியைக்கூடக் கெடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? இன்னொரு பெருமையும் அவளுக்கு இருந்தது, அதை அவள் வெளியே சொன்னதில்லை. ஊரில் யார் இடுப்பு எத்தனை இஞ்சு கூடியது, யார் யாருடைய பழைய சட்டையைப் புதிது என்று போட்டுக்கொண்டு விசேஷத்துக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவளுக்கும் அவள் கத்தரிக்கோலுக்கும் மட்டுமே தெரியும். அளவெடுக்கும்போது எண்ணை உரக்கச் சொல்ல மாட்டாள். சாக்பீஸால் தன் மேசை ஓரத்தில் எழுதிக்கொள்வாள், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்குச் சொந்தக் குடும்பத்தில் ஒரு கெட்ட பெயர். அதைக் கொடுத்தவர் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா.

கல்யாணமான புதிதில் நாத்தனார் பத்து நாள் வெளியூர் போகும்போது மூன்று பூந்தொட்டிகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில், தொட்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். திரும்பி வந்த நாத்தனார் பார்த்தது மூன்று தொட்டிச் சேறு. அன்றைக்குச் சொன்னதுதான், அவ கை வெட்டுற கை, வளக்கிற கை இல்லை என்று. அது குடும்பத்தில் யார் வீட்டில் எந்தச் செடி வாடினாலும் எடுத்துச் சொல்லும் வேடிக்கையாக ஆகிவிட்டது. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் நாத்தனார் வீட்டுக்குப் போகும்போது, அவள் சோபாவில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருக்கிற சின்னத் தொட்டியை நாத்தனார் ஒரு சாண் தள்ளி வைப்பார். பேசிக்கொண்டே, கை தன்பாட்டுக்குச் செய்யும். அந்த ஒரு சாண்தான் அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்கோ கைராசிக்காரி என்று பெயர். அதற்குச் சாட்சி அவர் வீட்டு முன்னறையில் இருந்த மணி பிளான்ட். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு துண்டுக் கொடியை இருமல் மருந்து பாட்டிலில் போட்டு வேர் விடவைத்து வளர்த்தது என்று, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்வார். கொடியும் அவர் சொல்லுக்குத் தக்கபடி வளர்ந்து, ஜன்னல் கம்பியில் ஏறி, திரைச்சீலைக் கம்பியைப் பிடித்து, கண்ணாடி அலமாரியின் தலைமேல் படுத்து, சுவர்க் கடிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் குளியலறை வாசல் வரைக்கும் போயிருந்தது. வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது நாத்தனாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் நாத்தனாருக்கு முழங்காலில் ஆபரேஷன். லிஃப்ட் இருக்கிற மகன் வீட்டுக்கு நிரந்தரமாகப் போய்விட்டார். பழைய வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்து கொடுக்க வேண்டும். சாமான்கள் எல்லாம் போய்விட்டன, கொடி மட்டும் சுவரில் நின்றது. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் சாவி வாங்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது தண்ணீர் ஊற்றியிருக்கிறார். இலைகள் பழுத்து உதிர்வதாகச் செய்தி வந்தது.

மகன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பேச்சு எழுந்தது. வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் அம்மா என்று மகன் சாதாரணமாகச் சொன்னான். நாத்தனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதார். கத்தி பட்ட முழங்காலுக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அரை இஞ்சு அக்கா வாயைத் திறந்தாள்.

"நான் வெட்டி எடுத்துட்டு வந்து வேர் விட வச்சுத் தர்றேன் அண்ணி. ஆறு வாரம் குடுங்க."

அவள் கணவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டறதுல நீ கெட்டிக்காரிதாம்மா. வளக்கறதுக்கு வேற கை வேணும்."

வழக்கமான வேடிக்கைதான், நாலு பேர் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் இந்தத் தடவை அவள் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. ஆறு வாரத்தில் கைத்தடி இல்லாமல் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, அன்றைக்குச் செடியோடு வருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ என்று குழாயடியிலேயே தோன்றிவிட்டது. சொன்ன சொல்லை அங்கேயே விழுங்கிவிட்டால் அந்த ஒரு சாண் செத்தாலும் குறையாது என்றும் தோன்றியது.

அடுத்த ஞாயிறு கணவனும் மனைவியும் அந்தக் காலி வீட்டுக்குப் போனார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும் இடத்திலிருந்து மடக்கு ஏணி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். சாமான் இல்லாத அறையில் கொடி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. வெளிச்சம் படுகிற நுனியில் மட்டும் இலை, மீதியெல்லாம் கயிறு மாதிரி மொட்டைத் தண்டு. ஏணியில் ஏறி ஒவ்வோர் ஆணியாக விடுவித்து, சுவரில் பதிந்திருந்த வேர்களைச் சுண்ணாம்போடு பெயர்த்து, கீழே இறக்க இரண்டு மணி நேரம் ஆனது. தரையில் நீட்டிப் போட்டதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்சு டேப்பை எடுத்து அளந்தாள். கிளைகளையும் சேர்த்து இருபத்தோரு அடி.

கணவர் ஏணியை வண்டியில் கட்டக் கீழே போனார். அவள் தொட்டியைப் பார்த்தாள். சிமெண்ட் தொட்டி, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஒரு தட்டுத் தட்டியதும் இரண்டாகப் பிளந்தது. அடித்தண்டு அழுகிக் கூழாகிவிட்டிருந்தது. தண்ணீரை அள்ளி ஊற்றுவதில் பக்கத்து வீட்டுக்காரரும் தன் ஜாதிதான் போல என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இனி அடியை வைத்து ஒன்றும் ஆகாது, வெட்டிய துண்டுகள்தான் கதி. மண்கட்டியை உதிர்த்துக்கொண்டிருந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

பழைய துணியைப் பிரிக்கும்போது, இது முதல் தையலா, ஏற்கெனவே ஒருவர் பிரித்துத் தைத்ததா என்று அவள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பழைய ஊசித் துளை காட்டிக் கொடுத்துவிடும். இந்த மண்ணிலும் அது தெரிந்தது. அழுகிய தண்டின் வேரைச் சுற்றி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை, செடிப்பண்ணையில் கட்டி விற்கிற பை, கிழிந்து நைந்து இருந்தது. வேர்கள் அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தன. அதற்குக் கீழே வேறு நிற மண். அதில் இன்னொரு பையின் கந்தல், காய்ந்து விறகான ஒரு பழைய அடித்தண்டு. அதற்கும் கீழே, தொட்டியின் அடியில், விரல் நீளத்தில் ஒரு கறுத்த குச்சி. அதற்கு மட்டும் பை இல்லை, வேரும் இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருமல் மருந்து பாட்டிலும், துண்டுக் கொடியும், கைராசியும். முதலில் வைத்த துண்டு பிடிக்கவேயில்லை. அதற்குப் பிறகு கடையில் வாங்கி வைத்தது பட்டுப்போயிருக்கிறது. இது மூன்றாவது. இருபத்தெட்டு வருஷமாகத் தொட்டியை ஒரு சாண் தள்ளி வைத்த கை இது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் இதைத் தூக்கிப் போட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் ஆசையோடு நினைத்துப் பார்த்தாள். அப்புறம் கணவரின் காலடிச் சத்தம் படியில் கேட்டது. பைகளையும் குச்சிகளையும் செய்தித்தாளில் சுற்றி, போகிற வழியில் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டாள். வாடிக்கையாளரின் உள்மடிப்பு அது. வெளியே காட்டுவது தொழிலுக்கு அழகில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலையை ஆரம்பித்தாள். எப்படி ஆரம்பித்தாள் என்பதில்தான் வினை. வேறு யாராக இருந்தாலும் கத்தரித்து எடுத்து எப்படியோ பாட்டிலில் செருகியிருப்பார்கள். இவள் தையல்காரி. கொடியைச் சாப்பாட்டு மேசையில் நேராக நீட்டி, இஞ்சு டேப்பை வைத்து, ஆறு இஞ்சுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, துணி வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினாள். முப்பத்திரண்டு துண்டுகள், மயிரிழை வித்தியாசம் இல்லை. ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்த இலைகளையும் சீவிவிட்டாள். எட்டுப் பாட்டில்களில் நந்நான்காக, இரண்டு விரற்கடைத் தண்ணீரில் நிறுத்தி அடுப்படி ஜன்னலில் வரிசையாக வைத்தாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

நுனியில் இருந்த ஐந்தடியை மட்டும் வெட்டவில்லை. முழுத் துணியையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது என்பது அவள் தொழில் பழக்கம், ஒரு மிச்சம் கையில் இருக்க வேண்டும். அதோடு, அந்த நுனியில்தான் இலைகள் பச்சைப்பசேலென்று இருந்தன, மனசும் வரவில்லை. அதைச் சுருட்டி, துணி துவைக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

ஒரு வாரம் தினமும் காலையில் காபிக்கு முன்னால் ஜன்னலுக்குத்தான் போனாள். இரண்டாவது வாரம் தண்ணீர் நாறியது. மாற்றினாள். மறுநாளும் நாறியது. துண்டுகளின் அடி வெளுத்து, பிறகு பழுப்பாகி, தொட்டால் கையோடு வந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் முப்பத்திரண்டில் மூன்று மட்டும் பச்சையாக நின்றன, அவற்றுக்கும் வேர் இல்லை. அன்றைக்குப் பார்த்து நாத்தனார் போன் செய்து வேர் விட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை அண்ணி என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பரவாயில்லம்மா, எனக்குத் தெரியும் என்று நாத்தனார் மெல்லச் சொல்லிவிட்டு வைத்தார். ஏளனமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மனைவியின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, கணவர் தனக்குத் தெரிந்த மெக்கானிக் வழியைச் சொன்னார்.

"இதுக்குப் போய் ஏன் இவ்ளோ மனசு விடற? பண்ணையில சின்னதா ஒரு மணி பிளான்ட் வாங்கி பாட்டில்ல போட்டுக் குடுத்துடு. எல்லாம் ஒரே இலைதானே, யாருக்குத் தெரியும்?"

அவர் வெள்ளை மனசோடு சொன்னார். தொட்டிக்கடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. கடை விடுமுறையன்று அவள் நிஜமாகவே பண்ணைக்குப் போனாள். வாங்கத்தான் போனாள், அதில் மறைக்க ஒன்றுமில்லை. பளபளவென்று இலைவிட்ட ஒரு செடியைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பை ஈரமாக ஒட்டியது.

அதே பை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் நாத்தனாரும் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்று தோன்றியது. அவர் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் தான் அதைச் செய்ய முடியாது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. கிழிந்த துணிக்குப் பதிலாக வேறு துணியைக் கொடுத்து, உங்களுடையதுதான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கெட்டுவிட்டது என்று சொல்கிற அவமானம் வந்தால் வரட்டும். செடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம் என்று பாட்டில்களை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் இடத்துக்குப் போனாள். அப்போதுதான் வாளி கண்ணில் பட்டது. கவனிப்பாரில்லாமல் மூன்று வாரம் கிடந்த அந்தச் சுருளைத் தூக்கினாள். கூடவே வெள்ளை வெள்ளையாக வேர்கள் தொங்கின.

அவள் அங்கேயே ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையில் வேர்விட்ட கொடி, மறு கையில் அழுகிய துண்டு. தையல் கோணினால் உள்ளே புரட்டிப் பார்க்கிற அதே பார்வையோடு பார்த்தாள். வேர் கண்ட கண்ட இடத்தில் வரவில்லை. இலைக்காம்பு தண்டோடு சேருகிற முண்டு இருக்கிறதே, அந்தக் கணுவில் மட்டுமே வந்திருந்தது. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவே எத்தனை இஞ்சு நீளமிருந்தாலும் வழவழவென்று மொட்டையாகவே இருந்தது. அவள் ஆறு இஞ்சு ஆறு இஞ்சாக வெட்டிய துண்டுகளில் பாதிக்குக் கணுவே இல்லை. கணு இருந்தவற்றிலும் சிலதில் அது தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சிலதில் கத்தரிக்கோல் கணுவின் மேலேயே ஏறி, அதை இரண்டாகப் பிளந்து, அந்த வெட்டு வழியாக அழுகல் புகுந்திருந்தது.

துணியை எங்கே வெட்டினாலும் துணிதான். கொடி அப்படியில்லை, அதன் அளவு அதற்குள்ளேயே கோடு போட்டு வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல், அதன்மேல் தன் டேப்பை வைத்திருக்கிறாள். அதைவிட இன்னொன்று அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது வருஷமாக யார் துணிக்கும் விட்ட அரை இஞ்சை இந்தக் கொடிக்கு மட்டும் விடவில்லை. கணுவுக்குக் கீழே கொஞ்சம் தண்டு மிச்சம் விட்டிருந்தால் அழுகல் கணுவைத் தொட்டிருக்காது. கடையில் இது தெரிந்தால் பெயரையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்து, தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது.

இருந்தது ஐந்தடி. இதைக் கெடுத்தால் வேறு கிடையாது. மறுநாள் கடையிலிருந்து வந்ததும் கையைக் கழுவி, கத்தரிக்கோலைக் கொதிநீரில் முக்கித் துடைத்து, வெளிச்சம் இருக்கும்போதே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இந்தத் தடவை டேப் கழுத்தில் சும்மா தொங்கியது. கண்தான் அளந்தது. ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே அரை இஞ்சு விட்டு வெட்டினாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். ஏழு துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டாத அளவுகள். துண்டுக்கு ஓர் இலையாவது இருக்கும்படி விட்டு, கணு முழுகத் தண்ணீர் ஊற்றி, ஏழு பாட்டில்களில் ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினாள், அதற்குமேல் கை வைக்கவில்லை. பழைய சேற்றுத் தொட்டிகள் ஞாபகம் இருந்ததால், தண்ணீர்ச் சொம்பைக் கண்டாலே தன் கையைத் தானே அதட்டிக்கொண்டாள்.

ஏழும் பிடித்தன. வேர்கள் நீண்டு, கிளைத்து, பாட்டிலின் அடியைத் தொட்டன. ஐந்தாவது வாரம் ஒன்றில் புதுத் துளிர் சுருட்டிய காகிதம் போல எட்டிப் பார்த்தது. அன்றைக்குக் கடைக்குப் போகும் வழியெல்லாம் அவள் நடந்த நடையைப் பார்த்து, காவலாளி என்ன அக்கா விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள், ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. மகன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நாத்தனார் கைத்தடி இல்லாமல் படுக்கையறையிலிருந்து முன்னறைக்கு நடந்து வந்து காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் அரை இஞ்சு அக்கா பழைய ஷூ பெட்டியைத் திறந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். முதல் முப்பத்திரண்டையும் கெடுத்துவிட்டேன், இது மிச்சத்தில் வந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மருமகள் வழிச் சொந்தத்தில் ஒருவர், பண்ணையில் வாங்கினதா, நல்லா இருக்கே என்றார். அவர் விவரம் தெரியாமல் கேட்டது.

நாத்தனார் மேசைக்கு அருகில் வந்தார். ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியில் மறைக்க இடமில்லை. வெட்டின வாய், அதற்குமேல் அரை இஞ்சு வெறும் தண்டு, அதற்குமேல் கணு, கணுவிலிருந்து இறங்கும் வேர், எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்தன. நெடுநேரம் பார்த்தார். வேர் விடாத துண்டு எப்படி இருக்கும் என்று அந்த அறையில் அவள் ஒருத்தியைத் தவிர அவருக்குத்தான் தெரியும். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் உள்ளே வா என்று அவளைக் கூப்பிட்டார்.

படுக்கையறைக் கதவை நாத்தனார் முக்கால்வாசி சாத்தினார்.

"தொட்டிய நீதானே பிரிச்ச?"

"ஆமா அண்ணி. வெடிச்சிருந்துச்சு."

"அடியில ஏதாவது இருந்துச்சா?"

இருபத்தெட்டு வருஷம் அந்தக் கேள்விக்குள் நின்றுகொண்டிருந்தது. நாத்தனாரின் கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன. அவளுக்கு மேசை ஓரத்து சாக்பீஸ் எண்கள் நினைவுக்கு வந்தன.

"மண்ணுதான் இருந்துச்சு அண்ணி. வேற ஒண்ணும் இல்ல."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது இவளுக்கும் தெரிந்தது. பிடித்திருந்த கை தளர்ந்தது.

"எப்படிம்மா வர வச்ச?" என்று நாத்தனார் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு வந்ததே இல்ல."

அவள் அவர் சுட்டுவிரலைப் பிடித்து, கணு எங்கே, வெட்ட வேண்டியது எங்கே என்று அந்த விரல் மூட்டிலேயே காட்டினாள். மூட்டுக்குக் கீழே அரை இஞ்சு. இதையும் விட மாட்டியா நீ என்று நாத்தனார் சிரித்தார். அவர் சிரிப்பில் இவளைக் குத்துகிற எதுவும் இல்லாதது இதுதான் முதல் தடவை.

முன்னறைக்கு வந்ததும் நாத்தனார் உட்காரவில்லை. புதிதாக நடக்கக் கற்ற காலோடு நின்றுகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது கடையில வாங்கினதில்ல. இவ கை வேர் விட வச்சது. இத்தனை வருஷமா இவளப் பத்தி நான் சொன்னது தப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. கணவர் இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்காமல் மனைவியையே பார்த்தார், காய்ப்பேறிய கையால் மீசையைத் தடவிக்கொண்டார். அவள் பழைய வீட்டிலிருந்து வந்திருந்த அதே சோபாவில், வழக்கமாக உட்காருகிற மூலையில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்துச் சின்ன மேசையில் துளிர்விட்ட பாட்டில் இருந்தது. நாத்தனார் வந்து அவள் அருகில் உட்கார்ந்தார். அவர் கை பழக்கத்தில் பாட்டிலை நோக்கிப் போனது. அந்தக் கை பாட்டிலை எடுத்து, ஒரு சாண் தூரம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தது.

"எங்க வைக்கணுமோ நீயே பாத்து வை."

அவள் எழுந்து, பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். டேப்பைத் தொடவில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்த்து, விளிம்பில் வைத்து, கண்ணாடியில் இலை முட்டாமல் இருக்க அரை இஞ்சு உள்ளே தள்ளினாள்.